மூன்றாம் தரப்பு மனுதாரர்

சங்கையாவின் மருமகன் துபாயில் இருந்தார். பதினொரு வருடமாக இருந்தார். இராஜபாளையத்தில் அந்தத் தெருவில் அவரைப் பற்றி அறியாதவர் கிடையாது. ஸ்டோர் கீப்பராகப் போனவர், மூன்றாம் வருடம் சூப்பர்வைசர் ஆனார். கொரோனா சமயத்தில் கம்பெனி பாதிப் பேரை ஊருக்கு அனுப்பியபோதும் அவரை மட்டும் விடவில்லை. போன தை மாதம் மேனேஜராக உயர்ந்தார். தீபாவளிக்குத் தீபாவளி மாமனாருக்கு ஒரு கம்பளியோ டார்ச் லைட்டோ அனுப்பிவைப்பார். அவற்றைச் சங்கையா மதுரைக்குப் போய் வாங்கிவருவார்.

உண்மையில் அப்படி ஒரு மருமகனே இல்லை. மகள் யோகேஸ்வரியைக் கட்டிய கான்சாபுரத்துக்காரன் 2013-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விவாகரத்து வாங்கிக்கொண்டு, மறுவருடமே இன்னொருத்தியைக் கட்டி, அதே ஊரில் உரக்கடை வைத்து, இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருந்தான். அவன் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்பது சங்கையாவின் உத்தரவு. கல்யாணப் பத்திரிகைகளும் ஆல்பமும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. கோர்ட்டிலிருந்து அமீனா சம்மன் கொண்டுவந்தபோது அவர் கைநீட்டி வாங்கவில்லை. வாசலில் நின்றபடியே, எங்கள் வீட்டுப் பெண்கள் கோர்ட்டுப் படி ஏறும் வழக்கம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அமீனா அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார்.

அவர் மில்லில் டைம் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். ஒரு நிமிடம் பிந்தி வந்தவனுக்கும் அரை நாள் சம்பளம் வெட்டியவர். கழுத்துப் பட்டன் போடாமல் தெருவில் இறங்கமாட்டார். அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் போலீஸ் ஸ்டேஷனையோ கோர்ட்டையோ மிதித்தது இல்லை. பிறர் வயல், தோப்பு என்று சொல்லிக்கொள்வது போல அவர் இதைச் சொல்லிக்கொள்வார்.

ஆடி பிறந்த மறுநாள் யோகேஸ்வரி மதுரையிலிருந்து போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை அவளுக்கு. முப்பத்தேழு வயது. பாலகணேஷ் என்று சிவகாசியில் அச்சகத்தில் இருப்பவர், மனைவியை இழந்தவர், அவளைக் கேட்டிருந்தார், அவளும் சம்மதித்திருந்தாள். சங்கையாவும் மூன்று மாதம் பேசாமல் இருந்து, பிறகு பேசினார். ஆவணி இருபத்தாறில் பதிவுத் திருமணம் என்று முடிவாகியிருந்தது. இப்போது பதிவாளர் அலுவலகத்தில் முதல் கல்யாணம் முறிந்ததற்கான தீர்ப்பு நகல், கோர்ட்டு முத்திரையோடு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது இல்லாமல் பதிய முடியாது.

தானே ஒரு நாள் லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் மனுக் கொடுத்து வாங்கிக்கொள்வதாக அவள் சொன்னாள்.

"நீ போகப்படாது," என்றார் சங்கையா. "அன்னைக்கே உன்னை அந்தப் படி ஏறவிடலை. இன்னைக்கா விடுவேன்? நான் வாங்கியாரேன்."

பாலம்மாளுக்கு வேறு கவலை. நகல் வந்து, கல்யாணமும் ஆகி, பாலகணேஷ் இந்த வீட்டுக்கு வந்தால் தெருவுக்கு என்ன சொல்வது என்று கணவரைக் கேட்டாள். சங்கையா அதற்கும் வழி வைத்திருந்தார். துபாயிலிருந்து மருமகன் திரும்பிவிட்டார் என்று சொல்லிவிட வேண்டியது. முதல் கல்யாணம் கான்சாபுரத்தில் நடந்தது. தெருவிலிருந்து போனவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருவருக்குக் கண்புரை, ஒருவர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். மீதி மூன்று பேர்தான்.

"அவன் ஒல்லியா கருப்பா இருந்தான். இவரு செவப்பா தொந்தியோட இருக்காரு," என்றாள் பாலம்மாள்.

"பதினோரு வருசம் ஏசியிலேயே இருந்தா ஆள் வெளுக்கத்தான் செய்யும்."

பாலம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நாற்பது வருடப் பழக்கம்.

கோர்ட்டுக்குப் போவது யாருக்கும் தெரியக் கூடாது என்பதால், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, திருவண்ணாமலை என்றே பெயருள்ள சிறு குன்றின்மேல் இருக்கும் பெருமாளைச் சேவிக்கப் போவதாகத் தெருவில் சொன்னார். பெருமாளுக்கு உகந்தது சனிக்கிழமை. எனவே சனிக்கிழமையே கிளம்பினார். கோர்ட்டு வாசலில் பூட்டுத் தொங்கியது. சனிக்கிழமை ஏது கோர்ட்டு என்று காவலாளி கேட்டார். மூன்று தலைமுறையாகக் கோர்ட்டை மிதிக்காத குடும்பத்தில் இது தெரிய நியாயமில்லை. எதிர்வீட்டு அழகர் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் துளசிப் பிரசாதம் கேட்டிருந்தார்கள். முழங்கால் வலியோடு உண்மையாகவே மலையேறி, பிரசாதம் வாங்கிக்கொண்டு வீடு வந்தார்.

அடுத்த முறை புதன்கிழமை கிளம்பினார். சனிக்கிழமைப் பெருமாளுக்குப் புதன்கிழமை என்ன வேலை என்று தெருவில் கேட்டார்கள். பெருமாளே கனவில் வந்து புதன்கிழமை வரச் சொன்னதாகச் சொன்னார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்யைப் பெருமாள் தலையிலேயே ஏற்றினோமே என்று பஸ்ஸில் உட்கார்ந்தபோது கொஞ்சம் உறுத்தியது. குடும்ப மானத்துக்காகத்தானே, பெருமாளும் குடும்பஸ்தர்தானே என்று சமாதானம் ஆனார்.

கோர்ட்டு வாசலுக்கு எதிரே தகரக் கொட்டகையில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தார் மனு எழுதும் சமுத்திரம். ஒரு விவாகரத்துத் தீர்ப்பு நகல் வேண்டும் என்று சங்கையா தணிந்த குரலில் சொன்னார். யாருடைய கேஸ் என்று சமுத்திரம் கேட்டார்.

"ஒரு மதிப்பான குடும்பத்தோடது."

"பேரு?"

"தெக்கே, நல்ல குடும்பம்."

சமுத்திரம் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். "அண்ணாச்சி, கோயில்ல அர்ச்சனைக்கே பேரு, நச்சத்திரம் கேப்பாக. நீங்க பேரே இல்லாம தீர்ப்பு கேக்கியளே."

சங்கையா சட்டைப் பையைத் துழாவினார். பிறகு பஸ் டிக்கெட்டின் பின்புறம் இரண்டு பெயர்களையும் எழுதி, நான்காக மடித்து நீட்டினார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பயலின் பெயரைத் தன் கையாலேயே எழுதியதில் அவர் விரல் கூசியது. சமுத்திரம் டிக்கெட்டைப் பிரித்து, தொழில் பழக்கத்தில், நான்கு பேருக்குக் கேட்கும்படி இரண்டு பெயர்களையும் வாய்விட்டு வாசித்தார்.

கோர்ட்டு வளாகத்துக் கம்ப்யூட்டரில் அந்தப் பெயர்களைத் தட்டிய இரண்டாவது நிமிடம் வழக்கு எண் வந்துவிட்டது. பத்திரிகையை எரித்தது, ஆல்பத்தை எரித்தது எல்லாம் வீண்போலும் என்று சங்கையாவுக்குத் தோன்றியது. எண்ணை எடுத்துக்கொண்டு நகல் பிரிவுக்குப் போனார். அங்கே அழகுத்தாய் என்ற சிறுவயதுப் பெண் இருந்தாள். மரியாதையாக நாற்காலி காட்டினாள். அவர் மனுதாரரா, எதிர்மனுதாரரா என்று கேட்டாள்.

"பொண்ணோட அப்பா."

"கேஸ்ல அப்பா கிடையாதுங்களே ஐயா. அப்ப நீங்க மூணாம் தரப்பு."

சங்கையாவுக்கு முதுகு நிமிர்ந்தது. "யாரு மூணாம் தரப்பு? இந்தக் கேஸை எங்க பக்கம் பூராம் நடத்துனதே நான்தாம்மா."

அவள் கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தாள். "எதிர்மனுதாரர் தரப்புல யாரும் ஆஜராகலைன்னுல்ல இருக்கு. சம்மனையும் வாங்க மறுத்திருக்காங்க. அது நீங்களா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சங்கையா கழுத்துப் பட்டனைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு அவளே விளக்கினாள். மகள் வந்து ஒரு பக்க மனுவில் கையெழுத்துப் போட்டால் போதும், கேள்வியே கிடையாது. மூன்றாம் தரப்பு என்றால் நகல் எதற்கு என்று காரணம் எழுதி உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும், நீதிபதி அதைப் பார்த்து அனுமதிக்க வேண்டும். கணவன் மனைவி விவகாரம் என்பதால் காரணம் சரியாக இருக்க வேண்டும். மகளைக் கூட்டிவருவதே சுலபம் என்று இரண்டு முறை சொன்னாள். சங்கையா சுலபமானதைச் செய்து பழகியவர் அல்ல.

சமுத்திரத்தின் கொட்டகைக்குத் திரும்பி, உறுதிமொழிப் பத்திரம் அடிக்கச் சொன்னார். மகளின் மறுமணம் என்று எழுதிவிடலாமா என்று சமுத்திரம் கேட்டார். அது அரசாங்கத்துக்கு எதற்கு என்றார் சங்கையா. 'குடும்பத்தின் பெருமையைப் பாதுகாக்கும் பொருட்டு' என்று எழுதச் சொன்னார். சமுத்திரம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதை அடித்துக் கொடுத்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கொடுத்த மனு என்ன ஆயிற்று என்பதை யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். மாலையில் ஒரு பட்டியலை வராந்தாவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். நகல் தயாரானவை, முத்திரைத்தாள் வாங்கித் தர வேண்டியவை, குறையோடு திருப்பப்பட்டவை எல்லாம் வழக்கு எண்ணும் மனுக் கொடுத்தவர் பெயருமாக அதில் இருக்கும். பார்த்து, குறித்த நாளுக்குள் குறையைச் சரிசெய்யாவிட்டால் மனு தள்ளுபடி. சங்கையா அடுத்த புதன்கிழமை வந்து அந்தப் பலகையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். பலகை முன் ஊரே நின்றது. இராஜபாளையத்து வக்கீல் குமாஸ்தாக்கள் நின்றார்கள். சேத்தூர்க்காரர்கள் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் கழுத்தை நீட்டி நின்று தன் பெயரைத் தேட அவருக்கு மனம் வரவில்லை. எதிரே டீக்கடையில் நின்று, தூரப் பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான்கு டீ குடித்தார். எழுத்து தெரியவில்லை. ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதற்கடுத்த புதன் பலகையில் அவர் மனுவே இல்லை. காரணம் விளங்கவில்லை என்று திருப்பப்பட்டு, யாரும் கேட்டு வராததால் தள்ளுபடியாகியிருந்தது என்று அழகுத்தாய் சொன்னாள். மீண்டும் ஒரு மனு. இந்த முறை 'குடும்ப ஆவணங்களைச் சீர்படுத்தும் பொருட்டு' என்று எழுதினார். மீண்டும் டீக்கடை. ஆடி போய் ஆவணி பிறந்தது. யோகேஸ்வரி இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் செய்தாள். பெரிய இடத்துக் காரியம், மெதுவாகத்தான் நடக்கும் என்று பாலம்மாள் மூலமாகச் சொல்லியனுப்பினார். தேதி தவறினால் பாலகணேஷ் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று மகள் அழுததாகப் பாலம்மாள் சொன்னாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் புதன்கிழமைப் பெருமாளின் புகழ் தெருவில் பரவிவிட்டது. ஆவணி பதினொன்றில் அடுத்த வீட்டு இருளப்பசாமி தானும் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். தடுக்க முடியவில்லை. இரண்டு பேரும் மலையேறினார்கள், சேவித்தார்கள், இறங்கினார்கள். டவுனில் ஒரு சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி சங்கையா ஆட்டோ ஏறி, சந்தேகம் வராமலிருக்க இரண்டு தெரு சுற்றிப் போனார். கோர்ட்டு எதிரே டீக்கடையில் போய் நின்று கண்ணாடியை மாட்டினார். பலகை முன் தோளில் துண்டோடு ஒருவர் விரல் வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். திரும்பினார். இருளப்பசாமி.

சங்கையா தூணுக்குப் பின்னால் போனார். அது ஒல்லியான தூண். இருளப்பசாமி ரோட்டைக் கடந்து நேரே அங்கே வந்தார்.

"ஒளியாதிய அண்ணாச்சி. உங்க மனு ஏழாவதா இருக்கு. இதையும் திருப்பிட்டாக. இன்னைக்கு அஞ்சு மணியோட தள்ளுபடி."

சங்கையா கண்ணாடியைக் கழற்றினார். வேறு யாருக்கோ வந்த வேலை என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை.

"எங்கண்ணங்கூட வரப்புக் கேஸு. பத்தொம்போது வருசமா இங்க வாரேன்," என்றார் இருளப்பசாமி. "அன்னைக்கும் இந்த வராந்தாவுலதான் நின்னேன். யோகேஸ்வரி, யோகேஸ்வரி, யோகேஸ்வரின்னு டவாலி மூணு தடவ கூப்பிட்டாரு. ஒரு ஆள் வரலை. எனக்கே போய் நின்னுரலாமான்னு இருந்துச்சு. நான் நின்னு என்ன செய்ய?"

"தெருவுல யாருக்கெல்லாம் தெரியும்?"

இருளப்பசாமி யோசித்தார். "மாடி வீட்டுக்குப் போன மாசம் குடி வந்தாகளே, அவியளுக்கு இன்னும் சொல்லலை."

சங்கையா பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு ஒரு விஷயம் நினைவு வந்து நிமிர்ந்தார். ஐந்து வருடத்துக்கு முன் இதே இருளப்பசாமி தன் மகனுக்குத் துபாயில் ஒரு வேலை பார்க்கச் சொல்லி, பயோடேட்டா என்று இரண்டு பக்கம் தட்டச்சுச் செய்து கொடுத்திருந்தார். மருமகனுக்கு அனுப்பியாயிற்று, மருமகன் முயற்சி செய்கிறார், இந்த வருடம் அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கவில்லை என்று வருடா வருடம் சங்கையா பதில் சொல்லி வந்தார். எல்லாம் தெரிந்தும் அதை எதற்குக் கொடுத்தாய் என்று கேட்டார்.

"நாங்க நம்புதோம்னு நீங்க நம்பணும்ல அண்ணாச்சி. யாருமே வேலை கேக்கலைன்னா உங்களுக்குச் சந்தேகம் வந்துரும்லா. தெருவுல பேசித்தான் குடுத்தோம். பய அப்பமே கோயமுத்தூர்ல வேலைக்குச் சேந்துட்டான்."

கம்பளிகளும் டார்ச் லைட்டுகளும் சங்கையாவின் கண்முன் வரிசையாக வந்து போயின. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவற்றை வாங்கிப் பார்த்து, வெளிநாட்டுச் சாமான் என்றால் தனிதான் என்று சொன்ன முகங்களும் வந்தன. தன் குடும்ப மானத்தை இத்தனை வருடம் தூக்கிச் சுமந்தது தான் ஒருவர் என்று அவர் நினைத்திருந்தார். தெருவே முறை வைத்துச் சுமந்திருக்கிறது. கோபம்தான் முதலில் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"பிள்ளைய வரச்சொல்லுங்க," என்றார் இருளப்பசாமி. "ஒரே ஒரு கையெழுத்து. அதுக்கு எதுக்கு நீங்க மலை மலையா ஏறுதிய?"

மணி நாலே முக்கால். சங்கையா பட்டியலில் ஏழாவதாக இருந்த தன் மனுவைப் போய்ச் சரிசெய்யவில்லை. போனை எடுத்தார்.

"ஏட்டி, நீயே வந்துரு," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை யோகேஸ்வரி வந்தாள். கோர்ட்டுப் படி மொத்தம் ஐந்து. அவற்றை எண்ணுவது போலச் சங்கையா கீழே நின்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிப்போனாள். ஆதாரைக் காட்டினாள், மனுவில் கையெழுத்துப் போட்டாள், இருபது நிமிடத்தில் இறங்கி வந்தாள். அடுத்த வாரம் பலகையில் தன் பெயரைக் கூட்டத்துக்கு நடுவே நின்று விரலால் தொட்டுக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் நின்ற கிழவருக்கு அவருடைய எண்ணையும் தேடிக் கொடுத்தாள். ஆவணி இருபத்து மூன்றில் நகல் கைக்கு வந்தது. இரண்டு பிரதி கேட்டு வாங்கியிருந்தாள்.

வேப்பமரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் அதைப் படித்தாள். முதல்முறையாகப் படித்தாள். சங்கையா சற்றுத் தள்ளி நின்றார். நேரம் ஆயிற்று. பக்கங்கள் குறைவுதான், அவள் திரும்பத் திரும்ப ஒரே பக்கத்தைப் பார்த்தாள்.

"நான் அவன் அம்மாவை அடிச்சேன்னு இருக்குப்பா," என்றாள்.

சங்கையா ஓரடி கிட்டே வந்தார்.

"சொல்லாமக் கொள்ளாம வீட்டை விட்டு ஓடிட்டேன்னு இருக்கு. எதிர்மனுதாரர் தரப்பில் மறுக்கப்படாததால் நிரூபணமாகிறதுன்னு எழுதியிருக்கு." அவள் இடது கையை மடியிலிருந்து எடுத்தாள். மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. அவன் தள்ளிவிட்டதில் முறிந்து, அந்தக் கையோடு வத்திராயிருப்பு வரை நடந்து பஸ் ஏறி வந்தவள் அவள். "இதைக் காட்டியிருப்பேன். அன்னைக்கு எக்ஸ்ரே எடுத்த சீட்டுக்கூட எங்கிட்ட இருந்துச்சு. கூப்பிட்டாகளாமே, மூணு தடவ. நான் வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"மானத்துக்காகத்தான்..." என்று தொடங்கினார் சங்கையா.

"யாரோட மானத்துக்குப்பா?"

கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு பிரதியைப் பையில் வைத்தாள். மற்றதை அவரிடம் நீட்டினாள். பதிவாளருக்கு ஒன்று போதும், இது அவருக்காக வாங்கியது, முழுவதும் படிக்க வேண்டும் என்று சொன்னாள். மதுரை பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்து, இருபத்தாறாம் தேதி பத்து மணிக்கு முன்னாலேயே பதிவாளர் அலுவலகத்துக்கு வந்துவிடும்படி சொன்னாள். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உறவு முறையையும் எழுத வேண்டுமாம்.

சங்கையா இராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நடுவில் இடம் கிடைத்தது. கண்ணாடியை மாற்றிக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார். முதல் வரியிலிருந்து படித்தார். எதிர்மனுதாரர் இன்னாரின் மகள் என்று தன் பெயர் அச்சில் இருந்ததைப் படித்தார். சம்மன் வாங்க மறுக்கப்பட்டதைப் படித்தார். மும்முறை அழைக்கப்பட்டும் ஆஜராகவில்லை என்பதைப் படித்தார். தன் மகள் அடிக்கிறவள், ஓடிப்போகிறவள் என்று கோர்ட்டு முத்திரையின் கீழ் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தார்.

ஜன்னல் ஓரத்தில் சிமெண்டு ஆலைச் சீருடையில் இருந்தவர் கொஞ்ச நேரமாகவே காகிதத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறார் என்று சங்கையாவுக்குத் தெரியும். காகிதத்தை மடிக்கவில்லை.

"கோர்ட்டுத் தீர்ப்பா அண்ணாச்சி?" என்றார் அவர். "என்ன கேஸு?"

"விவாகரத்து. எம்மக."

"அடப்பாவமே. பாப்பா மேல ரொம்பல்ல எழுதியிருக்கு."

"அம்புட்டும் பொய்."

"பொய்யின்னா அன்னைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம்ல? எதுக்குச் சொல்லாம விட்டுச்சு?"

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். சங்கையா சில்லறையைக் கொடுத்தார். டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஜன்னல்காரர் பக்கம் திரும்பினார்.

"அது சொல்லத்தான் இருந்துச்சு," என்றார். "நான் விடலை."